யுஎஸ்டிடி-யில் கூலி வாங்கலாமா? அந்த ஒரு டாலருக்குப் பொறுப்பு யார்?

அல்சூர்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இணையதளம் வடிவமைத்துத் தருவது என் தொழில். மூன்று ஆண்டுகளாகக் கூலி முழுவதும் வங்கி வழியாகவே வந்தது. இப்போது சேர்ந்துள்ள வாடிக்கையாளர் ஒருவர், இனி மாதம் 1,000 யுஎஸ்டிடி (டெதர் நிறுவனம் வெளியிடும் கிரிப்டோ நாணயம்) அனுப்பிவிடுகிறேன், வங்கிக் கட்டணமும் மிச்சம், சில நிமிடங்களில் வந்து சேர்ந்துவிடும் என்கிறார். சோதனைக்காக அவர் அனுப்பிய 600 யுஎஸ்டிடி என் வாலட்டில் (கிரிப்டோ நாணயத்தை வைக்கும் செயலியில்) கிடக்கிறது. பிட்காயினைப் போல ஏறி இறங்காது, ஒன்று என்றால் ஒரு டாலர்தான் என்று நண்பர்களும் சொல்கிறார்கள்.

அந்த ஒன்றுக்கு ஒன்று என்பது எதனால் நிற்கிறது, கிரிப்டோ சந்தையில் இந்த ஸ்டேபிள்காயினுக்கு, அதாவது டாலர் போன்ற ஒன்றோடு விலையைக் கட்டி வைத்த நாணயத்துக்கு, என்ன வேலை, வீட்டு வாடகையையும் அம்மாவின் மருந்துச் செலவையும் மாதக் கூலியிலிருந்து கொடுக்கும் என்னைப் போன்றவன் இதில் ஊதியம் வாங்குவது சரியா என்பவற்றை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். பெயரில் நிலைத்தன்மை இருப்பதை மட்டும் வைத்து நம்ப மனம் ஒப்பவில்லை.

பழைய வங்கியர், மல்லேஸ்வரம்

தம்பி, முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் அந்நியச் செலாவணிப் பிரிவில். உங்கள் வாலட்டில் இருப்பது டாலர் அன்று. கேட்டால் டாலர் தருகிறேன் என்று ஒரு தனியார் நிறுவனம் வெளியிட்ட சீட்டு. இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

டெதர் நிறுவனத்திடம் ஒருவர் ஒரு டாலர் கொடுத்தால் அது ஒரு யுஎஸ்டிடி-யை உருவாக்கித் தருகிறது. வாங்கிய டாலரில் பெரும்பகுதியை அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போட்டு வைக்கிறது. சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் டாலரைக் கொடுத்துவிட்டுச் சீட்டை அழித்துவிடுகிறது. சந்தையில் யுஎஸ்டிடி 99 சென்டுக்கு இறங்கினால், அங்கே வாங்கி நிறுவனத்திடம் ஒரு டாலருக்குக் கொடுக்கப் பெருவணிகர்கள் ஓடுகிறார்கள். அந்த ஒரு சென்ட் லாபத்துக்கான ஓட்டம்தான் விலையை ஒரு டாலருக்கு அருகில் பிடித்து வைத்திருக்கிறது. ஹாங்காங் தன் டாலரை 1983 முதல் அமெரிக்க டாலருடன் 7.80 என்ற அளவை ஒட்டிக் கட்டி வைத்திருப்பதும் ஏறக்குறைய இதே முறையில்தான். ஆனால் அங்கே பின்னால் நிற்பது ஓர் அரசின் நாணய ஆணையம்.

இப்போது உங்கள் நிலைக்கு வருகிறேன். டெதரிடம் நேரடியாகச் சீட்டைக் கொடுத்து டாலர் வாங்கக் குறைந்த அளவு 1,00,000 டாலர். அதற்கும் முன்பே அடையாளச் சோதனை முடித்த வாடிக்கையாளராக இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 600. ஆகவே அந்த வாக்குறுதி நடைமுறையில் உங்களுக்குக் கொடுக்கப்பட்டதே இல்லை. யாரோ ஒரு பெருவணிகருக்குக் கொடுக்கப்பட்ட வாக்கின் நிழலில் நீங்கள் நிற்கிறீர்கள். அல்சூரில் இருக்கும் உங்களுக்கு அதை ரூபாயாக்கித் தரப்போவது டெதர் அன்று, முகம் தெரியாத இன்னொரு வாங்குநர்.

அந்தக் கையிருப்பும் எப்போதும் சொன்னபடி இருந்ததில்லை. அமெரிக்கச் சரக்கு முன்பேரச் சந்தைகளின் கண்காணிப்பு ஆணையம் 2016 முதல் 2018 வரையிலான காலத்தில் 26 மாதங்களை எடுத்துப் பார்த்தது, அதில் 27.6 விழுக்காடு நாட்களில் மட்டுமே டெதரிடம் போதிய டாலர் கையிருப்பு இருந்ததாகக் கண்டறிந்து, 2021 அக்டோபரில் 4.1 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் தலைமை வழக்குரைஞர் தொடர்ந்த விசாரணை 1.85 கோடி டாலர் கட்டியதோடு முடிந்தது. தவறை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பணத்தைக் கட்டியது.

பெல்லந்தூர் நிரலர்

ஐயா சொன்ன வரலாறு சரியே. ஆனால் அந்தப் பாதியோடு நிறுத்தினால் இந்த நாணயம் ஏன் இவ்வளவு வளர்ந்தது என்பது விளங்காது. நான் நான்கு ஆண்டுகள் ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது இந்த நாணயங்களை வாங்கி விற்கும் தளத்துக்கு, மென்பொருள் எழுதியவன் என்பதால் உள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கிரிப்டோ சந்தைக்கு விடுமுறை இல்லை, வங்கிகளுக்கு உண்டு. ஞாயிறு இரவு இரண்டு மணிக்குப் பிட்காயினை விற்கிறவன் டாலரை எங்கே வைப்பான்? மேலும் பல எக்ஸ்சேஞ்சுகளுக்கு டாலர் கணக்குத் தர வங்கிகள் மறுத்த காலம் ஒன்று இருந்தது. 2014-இல் ரியல்காயின் என்ற பெயரில் தொடங்கி அதே ஆண்டிலேயே பெயர் மாறிய டெதர் அந்த இடைவெளியில்தான் புகுந்தது. இன்று உலக எக்ஸ்சேஞ்சுகளின் திரையைத் திறந்து பாருங்கள்: பிட்காயினின் விலை, ஈதரின் விலை, நேற்று முளைத்த சிறு நாணயத்தின் விலை, எல்லாமே பெரும்பாலும் யுஎஸ்டிடி-யில்தான் சொல்லப்படுகிறது. சூதாட்டம் போன்ற முன்பேர வணிகத்துக்குப் பிணையாக வைக்கப்படுவதும் அதுவே. 2025-இன் இறுதிக்குள் உலகில் புழங்கும் ஸ்டேபிள்காயின்களின் மொத்த மதிப்பு 30,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கும் மேல் டெதர்.

சோதனை வந்தபோது அது தாங்கவும் செய்தது. 2022 மே மாதம் டெர்ரா என்ற இன்னொரு ஸ்டேபிள்காயின் சரிந்த வாரத்தில் யுஎஸ்டிடி சில எக்ஸ்சேஞ்சுகளில் 95 சென்ட் வரை இறங்கியது. அடுத்த சில வாரங்களில் 1,000 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு டெதர் கொடுத்தது. அவ்வளவு பெரிய தொகையைச் சில வாரங்களில் எடுத்துவைக்க எத்தனை வங்கிகளால் முடியும் என்று ஐயாவிடமே கேட்கிறேன்.

பழைய வங்கியர், மல்லேஸ்வரம்

கேள்வி நேர்மையானது, எந்த வங்கியும் எல்லா வைப்பையும் ஒரே வாரத்தில் திருப்பித் தர முடியாது. அதனால்தான் வங்கிக்குப் பின்னால் வைப்புக் காப்பீடும், கடைசிக் கடன் தருபவராக ரிசர்வ் வங்கியும் நிற்கின்றன. நம் நாட்டில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. யுஎஸ்டிடி-க்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை.

டெர்ராவின் பெயரை எடுத்ததால் அதையும் விளக்கிவிட வேண்டும், ஏனெனில் அதுவும் ஸ்டேபிள்காயின் என்ற பெயரில்தான் விற்கப்பட்டது. அதன் பின்னால் டாலர் கையிருப்பே அடிப்படையாக இல்லை. ஒரு டெர்ரா டாலரைக் கொடுத்தால் ஒரு டாலர் மதிப்புள்ள லூனா என்ற உடன்பிறப்பு நாணயத்தைப் புதிதாக அச்சிட்டுத் தருவோம் என்பதே ஏற்பாடு. ஆங்கர் என்ற திட்டத்தில் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 விழுக்காடு வட்டி என்றார்கள். ஊர் ஊராகச் சீட்டு நடத்தி ஓடியவர்களின் வட்டிக் கணக்கைப் பார்த்த நமக்கு அந்த எண்ணே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். மக்கள் வெளியேறத் தொடங்கியதும் லூனா அச்சானது; அச்சாக அச்சாக அதன் விலை சரிந்தது; சரியச் சரிய இன்னும் அதிகமாக அச்சிட வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 35 கோடியாக இருந்த லூனாவின் எண்ணிக்கை சில நாட்களில் 6 லட்சம் கோடியைத் தாண்டியது. 80 டாலருக்கு மேல் விற்ற நாணயம் ஒரு சென்டின் சிறு பின்னமாகிவிட்டது. இரண்டிலுமாகச் சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு கரைந்தது. அதை உருவாக்கிய டோ குவான் 2025 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

முழுக் கையிருப்பு உள்ள நாணயமும் தடுமாறும் என்பதற்கு யுஎஸ்டிசி சாட்சி. 2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை சிலிக்கன் வேலி வங்கி மூடப்பட்டது. யுஎஸ்டிசி-யை வெளியிடும் சர்க்கிள் நிறுவனத்தின் சுமார் 4,000 கோடி டாலர் கையிருப்பில் 330 கோடி அங்கே மாட்டிக்கொண்டது. கணக்குப் போட்டால் இது எட்டு விழுக்காடு. முழுதும் தொலைந்திருந்தாலும் நாணயத்தின் மதிப்பு 92 சென்ட் இருந்திருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை அது 88 சென்டுக்கும் கீழே போனது. அந்த வேறுபாடு கணக்கில் வந்தது அன்று, திங்கள்வரை வங்கி திறக்காது என்ற அச்சத்தில் வந்தது. ஞாயிறு மாலை அமெரிக்க அரசு வைப்பாளர்கள் அனைவருக்கும் பணம் உண்டு என்று அறிவித்த பிறகே விலை மீண்டது. வங்கிகளை நம்ப வேண்டாம் என்று பிறந்த ஒரு சந்தை, வங்கி ஒன்றின் வைப்பாளர்களை அரசு காப்பாற்றியதால் தப்பித்தது. இதை நான் குறை சொல்லும் நோக்கில் எழுதவில்லை. சீட்டின் வலிமை எங்கே இருக்கிறது என்று காட்டவே எழுதுகிறேன்.

மர்பிடவுன் அக்கா

இவ்வளவு பெரிய விஷயங்கள் எனக்குத் தெரியாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், தம்பிக்கு உதவும்.

துபாயில் இருக்கும் என் தம்பி சென்ற ஆண்டு பணம் அனுப்ப வேண்டியிருந்தது. யுஎஸ்டிடி-யாக அனுப்பினால் டாலர் விலையைவிட ஒன்றுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையும்கூட. நான் ஒரு செயலியில் பி2பி முறையில், அதாவது இன்னொரு தனி ஆளுக்கே நேராக, விற்றேன். வாங்கியவர் என் கணக்கில் 38,000 ரூபாய் போட்டார். வந்ததைப் பார்த்துவிட்டு யுஎஸ்டிடி-யை விடுவித்தேன். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

பதினோராம் நாள் அல்சூர் சந்தையில் இரண்டு கிலோ தக்காளிக்கு யுபிஐ-யில் பணம் போகவில்லை. மறுபடி முயன்றேன்; போகவில்லை. கடைக்காரர் அறிந்தவர், நாளை தாருங்கள் என்றார். கிளைக்குப் போனால், வேறொரு மாநிலத்தின் சைபர் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்து என் கணக்கில் லியன், அதாவது பணத்தை எடுக்க முடியாதபடி தடை, போட்டிருக்கிறார்கள் என்றார்கள். எனக்கு 38,000 போட்டவர், ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணத்திலிருந்து போட்டிருக்கிறார். அந்த முதியவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்ததும் பணம் போன வழியில் இருந்த கணக்குகளையெல்லாம் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அவர் செய்தது முற்றிலும் நியாயம். ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணமும் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

நான்கு மாதங்கள் ஆயின. நான் விற்றதற்கான திரைப்பதிவு, செயலியின் ஆர்டர் எண், துபாயிலிருந்து வந்ததற்கான பிளாக்செயின் பதிவு, ஆதார் நகல் எல்லாவற்றையும் இந்தியில் மொழிபெயர்த்து இருமுறை பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடைசியில் கணக்கு திறந்தது. அந்த 38,000 மட்டும் இன்னும் நிறுத்தத்தில் இருக்கிறது. டெதர் கீழே விழவே இல்லை, ஒரு டாலராகவேதான் இருந்தது. என் பணம் மட்டும் இல்லை.

பெல்லந்தூர் நிரலர்

அக்கா, இதைப் படித்ததும் மிகவும் வருத்தமாக இருந்தது. பி2பி-யில் வாங்குபவரின் பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது வழக்கம். ஆனால் இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும் அந்தப் பணம் அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்பதை விற்பவர் அறிய வழியே இல்லை. சில ரூபாய் கூடுதலாகக் கிடைப்பதில் ஒரு பகுதி இந்த ஆபத்துக்கான விலை என்றே நான் கருதுகிறேன்.

தம்பிக்கு இன்னொரு செய்தி. அனுப்பும் வலையமைப்பு ஏது என்று பாருங்கள். ட்ரான் முகவரி டி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். எத்தீரியம் முகவரி சுழியத்தில் தொடங்கும். இரண்டிலும் யுஎஸ்டிடி உண்டு, ஆனால் ஒன்றில் இருப்பது மற்றொன்றில் செல்லாது. ட்ரானில் இருந்து வெளியே அனுப்பக் கட்டணத்துக்கு அந்த வலையமைப்பின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் சிறிது வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் 600-ம் கையில் இருந்தும் நகராது என்று தவிப்பவர்கள் பலர். காவல்துறையோ நீதிமன்றமோ கேட்டால் டெதரும் சர்க்கிளும் எந்த முகவரியையும் முடக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். யாராலும் நிறுத்த முடியாத பணம் என்பது பிட்காயினுக்குச் சொல்லப்படுவது, இதற்குப் பொருந்தாது.

கணக்காளர், ஜெயநகர்

நான் பட்டயக் கணக்காளர். உங்களைப் போன்ற தனித்தொழிலர்கள் பலருக்கு வரிக்கணக்குப் பார்க்கிறேன். விலை நிலையாக இருப்பதால் வரியும் எளிதாக இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் எல்லோரும் வருகிறார்கள். இந்தியச் சட்டத்தின் பார்வையில் யுஎஸ்டிடி அந்நியச் செலாவணி அன்று. பிட்காயினைப் போலவே மெய்நிகர் எண்மச் சொத்து.

கூலியாக 1,000 யுஎஸ்டிடி வாங்கும் நாளில் அதன் ரூபாய் மதிப்பு உங்கள் தொழில் வருமானம். அதற்கு வழக்கமான வரி. பின்னர் அதை விற்கும்போது இரண்டாவது கணக்குத் தொடங்குகிறது. 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய சொத்தின் லாபத்துக்கு 30 விழுக்காடு வரியும் அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வையும் உண்டு; வாங்கிய மதிப்பைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. 92 ரூபாயில் வாங்கி 89-இல் விற்றால் வரும் 3,000 ரூபாய் நட்டத்தை எந்த வருமானத்திலும் ஈடுகட்ட முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. 2022 ஜூலை 1 முதல் விற்கும் தொகை முழுவதன் மீதும் 1 விழுக்காடு டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்கப்படுகிறது. அது லாபத்தின் மீது அன்று, தொகையின் மீது என்பதைக் கவனியுங்கள். அக்கா செய்த பி2பி போன்ற விற்பனையிலும், தொகை உரிய வரம்பைத் தாண்டினால், இந்தப் பிடித்தம் நடக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பதில்லை, பின்னர் விளக்கம் கேட்டு அறிவிக்கை வருகிறது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது ஜிஎஸ்டி. நீங்கள் பதிவு பெற்றவராக இருந்தால், வெளிநாட்டுச் சேவைக்கு வரி கட்டாமல் இருப்பது அது ஏற்றுமதி என்பதால்தான். ஏற்றுமதியாகக் கொள்ளப்பட, மாற்றத்தக்க அந்நியச் செலாவணியிலோ, ரிசர்வ் வங்கி அனுமதித்த இடங்களில் ரூபாயிலோ பணம் வந்திருக்க வேண்டும். யுஎஸ்டிடி இரண்டுமே இல்லை. வங்கியில் வந்தால், வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கு வங்கி தரும் ஃபிரா சான்று கையில் கிடைக்கும். வாலட்டில் வந்தால் காட்டுவதற்கு எதுவும் இல்லை. அதிகாரி 18 விழுக்காடு கேட்டால் வாதாட இடம் மிகக் குறைவு. வங்கிக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கப் போய் இந்தச் சுமையைத் தலையில் ஏற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அல்சூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. அக்காவின் பதிவை நேற்று இரவு இருமுறை படித்தேன். ஒரே ஓர் ஐயம். அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்துவிட்டது, இனி ஸ்டேபிள்காயின் வங்கி போலப் பாதுகாப்பானது என்று வாடிக்கையாளர் எழுதியிருக்கிறார். 2022 டிசம்பரில் மும்பை, டெல்லி, புவனேசுவரத்தோடு நம் பெங்களூருவிலும் சோதனையாகத் தொடங்கிய டிஜிட்டல் ரூபாயும் இதுவும் ஒன்றுதானா என்றும் தெரியவில்லை.

பழைய வங்கியர், மல்லேஸ்வரம்

ஜீனியஸ் சட்டத்தைச் சொல்கிறார். 2025 ஜூலை 18 அன்று கையெழுத்தானது. ரொக்கம், குறுகிய கால அரசுப் பத்திரம் போன்றவற்றில் ஒன்றுக்கு ஒன்று கையிருப்பு வேண்டும், மாதந்தோறும் அதன் விவரத்தை வெளியிட வேண்டும் என்கிறது. நல்ல சட்டம், முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் வைப்புக் காப்பீட்டை அது தரவில்லை. வைத்திருப்பவருக்கு வெளியீட்டாளர் வட்டி தருவதையும் தடை செய்கிறது. உங்கள் டாலரை வாங்கி அரசுப் பத்திரத்தில் போட்டு வரும் வட்டி முழுவதும் நிறுவனத்துக்கே. டெதர் 2024-ஆம் ஆண்டுக்கு 1,300 கோடி டாலருக்கு மேல் லாபம் அறிவித்தது. அதில் பெரும்பங்கு இப்படி வந்தது. உங்கள் 600 டாலர் உழைக்கிறது, உங்களுக்காக அன்று.

டிஜிட்டல் ரூபாய் வேறு. அது ரிசர்வ் வங்கியின் சொந்தப் பொறுப்பு. சட்டைப்பையில் இருக்கும் ரூபாய் நோட்டுக்கு நிகர். நடுவில் கையிருப்பைக் காட்ட வேண்டிய நிறுவனம் என்று ஒன்று இல்லை.

பெல்லந்தூர் நிரலர்

ஐயாவோடு ஒரு இடத்தில் இன்னும் மாறுபடுகிறேன். தன் நாட்டு நாணயம் மாதந்தோறும் தேய்ந்துகொண்டிருக்கும் அர்ஜென்டினாக்காரனுக்கும் நைஜீரியாக்காரனுக்கும் இந்தச் சீட்டு பெரிய துணை. வட்டி இல்லாவிட்டாலும் அவன் சேமிப்பு கரையாமல் இருக்கிறது. அவனிடம் போய் வைப்புக் காப்பீடு இல்லை என்று சொல்வதில் பொருளில்லை. நமக்கு அந்த நிலை இல்லை. யுபிஐ இருக்கிறது; 2023 பிப்ரவரி முதல் சிங்கப்பூரின் உடனடிப் பணப்பரிமாற்ற முறையான பேநவ்வோடு அது இணைக்கப்பட்டுவிட்டதால் அங்கிருக்கும் உறவினர் அனுப்புவதும் நேராகக் கணக்கில் விழுகிறது. ஆகவே வணிகம் செய்பவனுக்கு யுஎஸ்டிடி வேண்டும், பெங்களூருவில் கூலி வாங்குபவனுக்கு வேண்டாம் என்பதில் கணக்காளர் அம்மாவோடு உடன்படுகிறேன்.

அல்சூர்வாசி

வாடிக்கையாளரிடம் பேசிவிட்டேன். ஃபிரா இல்லாமல் என்னால் ஏற்றுமதிக் கணக்குக் காட்ட முடியாது என்று சொன்னதும் வங்கி வழியாகவே அனுப்ப ஒப்புக்கொண்டார். கட்டணத்தில் பாதியை நான் ஏற்கிறேன். கையில் இருந்த 600-ஐப் பி2பி-யில் விற்காமல், நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்ற ஓர் எக்ஸ்சேஞ்சில் 93 ரூபாய்க்கு விற்றேன். 55,800-இல் டிடிஎஸ் 558 போக, அவர்கள் கட்டணமும் போக மீதி வந்துவிட்டது. வாலட்டில் வந்த நாளில் விலை 92 ரூபாய். பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் அந்த 558 இன்னும் தெரியவில்லையே, கவலைப்பட வேண்டுமா?

கணக்காளர், ஜெயநகர்

வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் தன் காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்த பிறகே அது தெரியும். உங்கள் வருமானமாக 55,200-ஐக் காட்டுங்கள். 600 ரூபாய் லாபத்தை மெய்நிகர் சொத்துக்கான தனி அட்டவணையில் காட்டுங்கள். அதற்கு வரி 187 ரூபாய் 20 காசு. பிடித்த 558-ஐ மொத்த வரியில் கழித்துக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்சின் கட்டணத்தை லாபத்திலிருந்து கழிக்க முயல வேண்டாம். வாலட்டில் வந்த நாள், நேரம், பரிவர்த்தனை எண் மூன்றும் தெரியும்படி ஒரு திரைப்பதிவு எடுத்து, அன்றைய 92 ரூபாய் விலை எந்த எக்ஸ்சேஞ்சில் பார்த்தது என்பதையும் அதன் கீழே எழுதி, வாடிக்கையாளருக்கு அனுப்பிய பில்லோடு சேர்த்து வையுங்கள். மர்பிடவுன் அக்கா விரும்பினால் தன் தாள்களை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பலாம். அந்த 38,000-க்கு நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கும் வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்த வழக்குரைஞரிடம் காட்டிப் பார்க்கிறேன். கட்டணம் வேண்டாம்.

மர்பிடவுன் அக்கா

அனுப்பிவிட்டேன் அம்மா. காவல் நிலையக் கடிதத்தின் நகல் சற்று மங்கலாக இருக்கும். நாளைக் காலை கிளைக்குப் போய்த் தெளிவான நகல் வாங்கி மறுபடி அனுப்புகிறேன்.